வளைவில் தெரியும் வேகம்

மோட்டார் வண்டிகளில் பித்துக்கொண்ட இருவர் ஓரிடத்தில் கூடிவிட்டால், மூன்றாமவர் வாய் திறக்க இடமிராது. அத்தகைய பித்தர் கூட்டத்தின் நடுவே நான் பல ஆண்டுகள் பழகியவன். என்னையும் அக்கூட்டத்தில் ஒருவனாகக் கொள்வதில் தவறில்லை. அங்கே ஓயாமல் எழும் கேள்வி ஒன்றுண்டு. எது உண்மையிலேயே வேகமான வண்டி? ஒருவர் குதிரைத்திறனைக் கணக்குச் சொல்லுவார். மற்றொருவர் எடை குறைவே எல்லாம் என்பார். மூன்றாமவர், வண்டி எதுவாயினும் ஓட்டுகிற கைதான் வேகம் என்று முடிப்பார். பின்னர் வழக்கு வேறு பக்கம் திரும்பும். ஒரே பாதையை நூறு முறை சுற்றிவரும் பந்தயக்காரன் பெரியவனா, முன்பின் தெரியாத மலைப்பாதையில் மண்ணிலும் பனியிலும் விரைகிற ராலிக்காரன் பெரியவனா? இவ்வழக்கில் தீர்ப்புச் சொல்ல நான் இங்கு வரவில்லை. ஆனால் வழக்கின் அடியில் இருக்கும் இயற்பியலையும், அதன் பொருட்டுச் சிலர் கொடுத்த விலையையும் மாணவர்களாகிய நீங்கள் அறிந்துகொள்வது நல்லது என்று கருதுகிறேன்.

சென்னைக்கு வடக்கே சோழவரத்தில், இரண்டாம் உலகப் போர்க் காலத்து விமான ஓடுதளம் ஒன்று உண்டு. 1950-களில் தொடங்கிப் பல்லாண்டுகள் அங்கே மோட்டார்ப் பந்தயங்கள் நடைபெற்றன. 1990-இல் திருப்பெரும்புதூரை அடுத்த இருங்காட்டுக்கோட்டையில் தனியாக ஒரு பந்தயப்பாதை அமைந்த பிறகே சோழவரத்தின் ஆரவாரம் அடங்கியது. சிறுவனாக இருந்தபோது என் மாமா என்னை அங்கே அழைத்துச் சென்றார். வண்டிகள் முழு வேகத்தில் பாயும் நேர்ப்பாதையின் அருகே நின்றுகொண்டு நான் நகர மறுத்தேன். மாமா என் தோளைப் பற்றி இழுத்து, “நேரே ஓடுவதில் என்னடா இருக்கிறது? வா, திருப்பத்தில் போய் நிற்போம்” என்றார். வெயிலில் நடந்து வளைவுக்குப் போனோம். நேர்ப்பாதையில் பெரிய வண்டி ஒன்றுக்கு மிகவும் பின்தங்கி வந்த பழைய பியட் ஒன்று, அந்த வளைவில் அதன் முதுகை ஒட்டிக்கொண்டு திரும்பியது. அடுத்த சுற்றிலும் அவ்வாறே. பெரிய வண்டி நேரில் சம்பாதித்ததையெல்லாம் வளைவில் இழந்துகொண்டிருந்தது. ஏன் என்று மாமாவைக் கேட்டேன். அவருக்கும் சொல்லத் தெரியவில்லை. பொறியியல் பயின்ற பிறகுதான் எனக்கு விடை கிடைத்தது.

ஒரு மோட்டார் வண்டி எவ்வளவு பெரியதாயினும், அது நிலத்தைத் தொடுவது நான்கே இடங்களில். ஒவ்வோர் இடமும் ஏறக்குறைய ஓர் உள்ளங்கை அளவு. விரைவதும், நிற்பதும், திரும்புவதும் அந்த நான்கு உள்ளங்கைகளின் பிடிப்பால் மட்டுமே நிகழ்கின்றன. அந்தப் பிடிப்பை மாதச் சம்பளத்துக்கு ஒப்பிடலாம். வருவாய் ஒன்றே, செலவு மூன்று. பிரேக்கை முழுதும் அழுத்தி நிற்கும்போது சம்பளம் முழுவதும் அங்கே செலவாகிவிடுகிறது; அப்போதே திருப்பவும் முனைந்தால் கையில் காசில்லை. வண்டி திரும்பாமல் நேரே வழுக்கிப் போகும். நல்ல ஓட்டுநன் எனப்படுபவன் இந்தச் சம்பளத்தைக் கடைசிக் காசுவரை செலவிட்டும் கடன் வாங்காதவன்.

கணக்காகவும் இதைக் காணலாம். வளைவில் திரும்பும் வண்டிக்கு மையம் நோக்கிய விசை வேண்டும். அவ்விசை வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்து வளர்கிறது. வேகம் இருமடங்கானால் விசை நான்கு மடங்கு. அதைத் தருவது டயரின் உராய்வு ஒன்றே. ஆரம் 40 மீட்டர் உள்ள வளைவு ஒன்றை எடுத்துக்கொள்வோம். உலர்ந்த நல்ல சாலையில் உராய்வுக் கெழுவை 1 என்று வைத்தால், அதில் செல்லக்கூடிய உச்ச வேகம் மணிக்கு 71 கிலோமீட்டர் அளவில் நிற்கும். சரளைக் கல் பரவிய பாதையில் கெழு பாதியானால் 50. பனி உறைந்த பாதையில் பத்தில் ஒரு பங்கானால் 22. எஞ்சினில் அறுபது குதிரைகள் இருந்தால் என்ன, அறுநூறு குதிரைகள் இருந்தால் என்ன? இந்த எண் மாறுவதில்லை.

இக்கணக்கில் வண்டியின் எடை அடிபட்டுப் போவதைக் கணக்குப் போட்டுப் பார்க்கும் மாணவர் கண்டுகொள்வர். அப்படியானால் சிறிய பியட் வளைவில் முந்தியது எப்படி? இங்கேதான் பாடப்புத்தகத்துக்கும் ரப்பருக்கும் சிறு பிணக்கு. டயரின் மேல் சுமை இருமடங்கானால் அதன் பிடிப்பு இருமடங்காவதில்லை. சற்றுக் குறைவாகவே பெருகும். அதனால் பளுவான வண்டியின் டயர், தன் கடமைக்குத் தக்க கூலி பெறுவதில்லை. மேலும் வளைவில் வண்டியின் பாரம் வெளிப்புறச் சக்கரங்கள்மேல் சாய்கிறது. அவை அளவுக்கு மீறிச் சுமக்க, உட்புறச் சக்கரங்கள் சும்மா உருளுகின்றன. உயரமும் எடையும் கூடக் கூட இந்த இழப்பும் கூடும். மாமாவுக்கு நான் இதை விளக்கியபோது அவர் முதுமை அடைந்திருந்தார். “அன்றைக்கே நான் சொன்னேனே” என்றார்.

பந்தயப்பாதையில் ஓட்டுவோர் முதலில் கற்பது கோடு. வளைவுக்குள் நுழையும்போது பாதையின் வெளி ஓரத்தில் தொடங்கி, நடுவில் உள் ஓரத்தைத் தொட்டு, மீண்டும் வெளி ஓரத்துக்கு விரிவதே அந்தக் கோடு. இதனால் வண்டி செல்லும் வழியின் ஆரம் பெரிதாகிறது. 40 மீட்டர் ஆரம் 60 மீட்டராக விரிந்தால், 71 கிலோமீட்டர் வேகம் 87 ஆக உயரும். காசு செலவின்றிக் கிடைத்த வேகம் இது. ஆனால் அதற்குப் பாதையின் முழு அகலமும் நமக்கே உரியதாக இருக்க வேண்டும். என்னோடு சோழவரத்துக்கு வந்த பள்ளித்தோழன் ஒருவன் இந்தக் கோட்டை அங்கேயே கண்ணால் பார்த்துக் கற்றுக்கொண்டான். சில ஆண்டுகள் கழித்து, மகாபலிபுரம் சாலையில் ஒரு வளைவில் தன் மோட்டார் சைக்கிளில் அதை வரைந்து பார்த்தான். கோட்டின் கடைசிப் பகுதி எதிரே வந்த லாரிக்கு உரிய பாதியில் அமைந்தது. அவன் பிழைத்தான், வலக்கால் பிழைக்கவில்லை. அவன் போட்ட கோட்டில் பிழை ஏதுமில்லை என்று இன்றும் அவனே சொல்லுவான்.

வண்டிப் பித்தர்கள் அடுத்து அறியும் செய்தி பிரேக். ஆயிரத்து ஐந்நூறு கிலோ எடையுள்ள வண்டி மணிக்கு 200 கிலோமீட்டரிலிருந்து 80-க்கு இறங்கும்போது, அது இழக்கும் இயக்க ஆற்றல் ஏறக்குறைய ஆறரை லிட்டர் நீரைக் கொதிக்க வைக்கப் போதுமானது. பந்தயப்பாதையில் ஒவ்வொரு சுற்றிலும் பலமுறை இது நிகழ்கிறது. அவ்வளவு வெப்பமும் பிரேக் தட்டுகள் வழியே காற்றில் கலந்தாக வேண்டும். கடையில் வாங்கிய வேகவண்டியை முதன்முறை பந்தயப்பாதைக்குக் கொண்டுவரும் செல்வந்தர், நாலைந்து சுற்றில் பிரேக் மிதி பஞ்சுபோல் தாழ்வதைக் கண்டு திடுக்கிடுவதற்குக் காரணம் இதுவே. பிரேக் எண்ணெய் கொதித்து ஆவிக்குமிழிகள் நிறைந்துவிட்டன.

இனி ராலிக்கு வருவோம். பந்தயப்பாதையில் பிடிப்பு எவ்வளவு என்பது ஓட்டுநனுக்கு முன்கூட்டியே தெரியும். ராலியிலோ அது அடிக்கு அடி மாறும். ஒரு வளைவின் தொடக்கம் உலர்ந்த தாராகவும், நடுப்பகுதி பனியாகவும், முடிவு சேறாகவும் இருக்கக்கூடும். ஆகவே ராலிக்காரன் வழுக்கலை அஞ்சுவதில்லை, அதையே கருவியாக்கிக்கொள்கிறான். வளைவுக்கு முன்பே வண்டியைப் பக்கவாட்டில் சாயவிட்டு, மூக்கு வெளியேறும் திசையை நோக்கும்படி செய்து, பிறகு சக்தியைக் கொடுத்து இழுத்துச் செல்கிறான். பின்லாந்து நாட்டார் இதில் வல்லவர். அவர்கள் ஊர்களில் ஆண்டில் பல மாதம் சாலையே பனிக்கட்டி.

இக்கலைக்கு எடுத்துக்காட்டாக நான் எப்போதும் கூறுவது மினி என்னும் பிரிட்டிஷ் வண்டியை. சூயஸ் நெருக்கடியில் பெட்ரோல் அருகியபோது, சிக்கனமான சிறுவண்டி வேண்டும் என்று அலெக் இஸிகோனிஸ் என்னும் பொறியாளர் வடிவமைத்து, 1959-இல் வெளிவந்தது அது. நீளம் பத்தே அடி. சக்கரம் பத்தே அங்குலம். எஞ்சினைக் குறுக்காக வைத்து, முன்சக்கரங்களை இயக்கி, சக்கரங்களை நான்கு மூலைகளுக்கும் தள்ளிவிட்டார். இடத்தை மிச்சப்படுத்தச் செய்த இந்த ஏற்பாடு, வளைவுகளில் வண்டியைப் பம்பரம்போல் ஆக்கிவிட்டது. இதைக் கண்டுகொண்டவர் பந்தய வண்டி கட்டுபவரான ஜான் கூப்பர். அவர் பெயரால் 1961-இல் வேகமான மினி ஒன்று வந்தது.

1964-இல் மான்டி கார்லோ ராலியில், 1071 கன சென்டிமீட்டர் எஞ்சின் கொண்ட மினியில் பேடி ஹாப்கிர்க் வென்றார். இரண்டாவதாக வந்தது 4.7 லிட்டர் எஞ்சின் பூட்டிய போர்டு பால்கன். நான்கு மடங்குக்கும் மேல் பெரிய எஞ்சின். தாவீது கோலியாத்தை வீழ்த்திய கதைபோல இதைச் சொல்வது வழக்கம். நானும் அப்படித்தான் சொல்லிவந்தேன். ஆனால் உண்மை சற்றுச் சிக்கலானது. கடிகாரப்படி பால்கனே முந்தியது. அக்காலத்து விதிகளில் சிறிய எஞ்சினுக்குச் சலுகை தரும் திருத்தக் கணக்கு ஒன்று இருந்தது. அதன் உதவியால்தான் மினி முதலிடம் பெற்றது. மினியின் அன்பர்களுக்கு இதை நினைவூட்டினால் கோபம் வரும். எனினும் மறு ஆண்டு அவர்கள் கோபத்துக்கு நியாயம் கிடைத்தது. 1965-இல் கடும் பனிப்புயல் வீசியது. புறப்பட்ட இருநூற்றுக்கும் மேற்பட்ட வண்டிகளில் பெரும்பாலானவை வழியிலேயே நின்றன. தண்டப்புள்ளி ஒன்றுமின்றி வந்து சேர்ந்த ஒரே வண்டி, பின்லாந்தின் டிமோ மாக்கினன் ஓட்டிய மினி. முன்சக்கர வண்டி வளைவில் திரும்ப மறுத்து நேரே செல்ல முனையும் இயல்புடையது. மாக்கினனும் அவர் நாட்டவரான ரௌனோ ஆல்டோனனும் வலக்காலை முடுக்கியிலிருந்து எடுக்காமலே இடக்காலால் பிரேக்கைத் தொட்டு, பின்புறத்தை வழுக்கவிட்டு வண்டியைத் திருப்பினர். பெரிய எஞ்சினால் வாங்க முடியாததைக் கால்விரல் வாங்கிற்று.

இந்த இடத்தில் பக்கத்து இருக்கைக்காரரை மறந்துவிடலாகாது. ராலியில் ஓட்டுநனின் கண் எட்டாத வளைவை முன்கூட்டிச் சொல்பவர் அவர். பாதைக் குறிப்பின் பயனை உலகறியச் செய்தது 1955-ஆம் ஆண்டு மே முதல் நாள். இத்தாலியில் பிரெஷ்யா நகரில் தொடங்கி ரோமாபுரி வரை சென்று திரும்பும் மில்லே மிலியா பந்தயத்தில் ஸ்டர்லிங் மாஸ் மெர்சிடிஸ் வண்டியை ஓட்டினார். அவர் அருகே தாடிவைத்த பத்திரிகையாளர் டெனிஸ் ஜென்கின்சன் அமர்ந்தார். வழியிலுள்ள ஆபத்துகளையெல்லாம் ஐந்து மீட்டருக்கும் அதிக நீளமான காகிதச் சுருளில் எழுதி, ஒரு பெட்டிக்குள் வைத்து, கோவில் ஏடு படிப்பவர்போல் உருட்டிக்கொண்டே வந்தார். எஞ்சின் இரைச்சலில் குரல் எடுபடாது, கைச்சைகைதான். மேட்டுக்கு அப்பால் பாதை நேரே செல்கிறது என்று அவர் கைகாட்டினால், மாஸ் ஒன்றும் தெரியாத வானத்தை நோக்கி முழு வேகத்தில் வண்டியை விட்டார். ஏறக்குறைய 1,600 கிலோமீட்டரை 10 மணி 7 நிமிடம் 48 வினாடியில் கடந்தனர். தனியே ஓட்டிவந்த மாவீரர் பாங்கியோ இரண்டாவது. அரைமணி நேரத்துக்குப் பின். வேகம் என்பது ஒருவர் மற்றொருவரின் சொல்லை நம்பும் அளவு என்றுகூட எனக்குத் தோன்றியதுண்டு. இரண்டே ஆண்டுகளில், 1957-இல், அதே பந்தயத்தில் டயர் வெடித்த பெராரி ஒன்று கூட்டத்தில் பாய்ந்தது. மாண்ட பார்வையாளர் ஒன்பதின்மரில் ஐவர் குழந்தைகள். அத்தோடு அந்தப் பந்தயம் முடிந்தது.

மான்டி கார்லோவுக்குத் திரும்புகிறேன். 1966-இல் முதல் மூன்று இடங்களையும் மினி வண்டிகளே பிடித்தன: மாக்கினன், ஆல்டோனன், ஹாப்கிர்க். ஆனால் பரிசு அவர்களுக்குக் கிட்டவில்லை. முன்விளக்குகளில் ஒற்றை இழைக் குவார்ட்ஸ் பல்பு பொருத்தியிருந்தது விதிக்கு மாறானது என்று கூறி அமைப்பாளர் அவற்றை நீக்கினர். நான்காவதாக வந்த போர்டும் நீங்கிற்று. ஐந்தாவதாக வந்த பிரெஞ்சு வண்டியான சிட்ரோயன் வெற்றி பெற்றதாக அறிவிக்கப்பட்டது. அதை ஓட்டியவர் பௌலி டோய்வோனன் என்னும் பின்லாந்துக்காரர். கோப்பையை வாங்கவே அவர் மனம் ஒப்பவில்லை. இனி அந்நிறுவனத்துக்கு ஓட்டுவதில்லை என்றும் சொன்னார் என்பர். விளக்கின் பேரால் வேகத்தை அளந்த இத்தீர்ப்பைப் பற்றிப் பித்தர்கள் இன்றும் சண்டையிடுகின்றனர். என் அனுதாபம் பௌலியின் பக்கம். தோற்றவனுக்கு ஆறுதல் உண்டு. வெல்லாமல் வென்றவனுக்கு என்ன ஆறுதல்?

அப்போது அவருக்கு ஹென்ரி என்று ஒரு மகன் இருந்தான், ஒன்பது வயது.

ஹென்ரி வளர்வதற்குள் ராலியே மாறிவிட்டது. 1980-இல் ஆடி நிறுவனம் குவாட்ரோ என்னும் வண்டியை வெளியிட்டது. நான்கு சக்கரங்களுக்கும் எஞ்சினின் சக்தி. மேலே சொன்ன சம்பளக் கணக்கை நினைவுகூருங்கள். இதுவரை இரண்டு உள்ளங்கைகளே உழைத்து வந்தன, இனி நான்கும் உழைக்கும். 1981-இல் இத்தாலியின் சான்ரெமோ ராலியில் அவ்வண்டியை ஓட்டி மிஷேல் மூத்தோன் வென்றார். உலக ராலிச் சுற்றில் வென்ற முதற் பெண்மணி அவர்; மறு ஆண்டு உலகப் பட்டத்தில் இரண்டாம் இடம். பெண்ணின் கை இதற்கு ஆகாது என்று பேசிய பல பெரிய மனிதர்கள் அந்த ஆண்டில் மௌன விரதம் பூண்டனர்.

1982-இல் ‘குரூப் பி’ என்னும் விதித்தொகுதி வந்தது. இருநூறு வண்டிகள் செய்தால் போதும். எப்படிச் செய்தாலும் கேள்வி இல்லை. விளைவாக எழுந்தவற்றுள் கடுமையானது லான்சியா டெல்டா எஸ்4. எஃகுக் குழாய்ச் சட்டம், அதன்மேல் இலேசான கலப்புப்பொருள் உடல், ஏறக்குறைய 900 கிலோ எடை. எஞ்சின் 1.8 லிட்டருக்கும் குறைவு. வெளியேறும் புகையின் விசையால் சுழன்று எஞ்சினுக்குக் காற்றைத் திணிக்கும் டர்போ, குறைந்த சுழற்சியில் தூங்கி வழியும்; அது விழிக்கும்வரை காற்றுத் திணிக்க எஞ்சினே நேரடியாகச் சுழற்றும் மற்றொரு காற்றழுத்தியும் அதில் வைத்தனர். இரண்டும் சேர்ந்து 450 குதிரைத்திறனுக்கும் மேல். பெட்ரோல் தொட்டிகள் இருக்கைகளின் அடியில். எடைப் பங்கீட்டுக்கு அதுவே சரியான இடம். கணக்கு அப்படித்தான் சொல்லிற்று.

அந்த வண்டியில், 1986 சனவரியில், ஹென்ரி டோய்வோனன் மான்டி கார்லோ ராலியை வென்றார். தந்தையின் பெயரோடு ஒட்டியிருந்த கறை இருபது ஆண்டுகள் கழித்து நீங்கிற்று என்று பலரும் மகிழ்ந்தனர்.

மார்ச்சில் போர்ச்சுகல் ராலியில், சாலையிலேயே நின்று வண்டி வரும்போது விலகுவதை விளையாட்டாகக் கொண்ட கூட்டத்தினுள் போர்டு வண்டி ஒன்று புகுந்தது. மூவர் மாண்டனர், முப்பதின்மருக்கு மேல் காயமுற்றனர். மே மாதத்தில் கார்சிகாத் தீவு. அங்கே ராலிப் பாதை முழுவதும் வளைவுகளே. ஹென்ரி காய்ச்சலோடு ஓட்டினார்; முன்னணியிலும் இருந்தார். இத்தகைய வண்டியோடு இத்தகைய பாதையில் உடல் ஈடுகொடுப்பது அரிது என்ற பொருள்படப் பேசியும் இருந்தார். மே 2-ஆம் நாள் அவ்வண்டி சாலையை விட்டுப் பள்ளத்தில் பாய்ந்து தீப்பற்றியது. ஹென்ரியும் பக்கத்தில் இருந்த செர்ஜியோ கிரெஸ்டோவும் மாண்டனர். ஹென்ரிக்கு வயது 29. எஞ்சியது கருகிய குழாய்ச் சட்டம் மட்டுமே. விபத்தை நேரில் கண்டவர் எவருமிலர். காரணம் இன்றளவும் துலங்கவில்லை. ஓராண்டுக்கு முன் அதே மே 2-ஆம் நாள், அதே ராலியில், லான்சியாவின் அட்டிலியோ பெட்டேகா இறந்திருந்தார். சில மணி நேரத்துக்குள், அடுத்த ஆண்டு முதல் குரூப் பி வண்டிகளுக்கு உலகப் பட்டத்தில் இடமில்லை என்று அறிவிப்பு வெளிவந்தது.

குரூப் பி காலமே ராலியின் பொற்காலம் என்று கூறும் அன்பர் பலர் எனக்கு உண்டு. அவ்வண்டிகளின் முழக்கத்தைப் பதிவில் கேட்கையில் எனக்கும் உடல் சிலிர்க்கிறது; மறைப்பதற்கில்லை. ஆயினும் ஒன்றை அவர்களிடம் கேட்பதுண்டு. பின்னர் வந்த வண்டிகளுக்குச் சக்தி மிகவும் குறைத்தே அளிக்கப்பட்டது. ஆனால் டயரும், அதிர்வு தாங்கிகளும், நான்கு சக்கரங்களுக்குச் சக்தியைப் பகிரும் பற்சக்கர அமைப்பும் நாளுக்கு நாள் திருந்தின. அதனால், குறைந்த குதிரைகளோடு பல பாதைகளில் பழைய வேகத்தை எட்டிப்பிடிக்க நெடுங்காலம் ஆகவில்லை. அப்படியானால் அந்த மிகைக் குதிரைகள் எங்கே ஓடின? ஓசையில் ஓடின என்பேன் நான். அன்பர்கள் ஒப்புவதில்லை. கடைசியாக இதைப் பேசியபோது, நண்பர் ஒருவர் தம் தேநீரை ஆறவிட்டுவிட்டு ஒரு மணிநேரம் என்னை மறுத்துப் பேசினார்.

கார்சிகாவில் அந்த இடத்தில் இன்று ஒரு நினைவுக்கல் நிற்கிறது. ஒரு புறம் மலை, மறு புறம் சரிவு. நடுவே இடப்புறம் திரும்பும் ஒரு வளைவு.